வட்டுக்கோட்டைத் தேவாலயத்தின் சுவர்கள்

வட்டுக்கோட்டை என்றதும் இன்றைய வாசகர் பெரும்பாலோரின் நினைவுக்கு வருவது 1976ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் திகதி பண்ணாகத்தில் நிறைவேறிய தீர்மானமே. அத் தீர்மானம் பற்றி எழுதப்பட்டவை ஏராளம், இனியும் எழுதப்படும். அதற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் முற்பட்ட ஒரு கட்டிடம் அவ்வூரிலே இன்றும் நின்று நிலைக்கின்றது. அதைப் பற்றிப் பாடநூல்கள் ஒரு வரிக்கு மேற் சொல்வதில்லை. போர்த்துக்கேயர் கட்டினர், ஒல்லாந்தர் புதுக்கினர், அமெரிக்கர் கூரையிட்டனர் என்பதோடு அவற்றின் கடமை முடிந்துவிடும். இந்த மூன்று வினைமுற்றுகளையும் பல ஆண்டுகளாக வகுப்பிலே நானும் சொல்லிக்கொடுத்து வந்தவன்தான்.

சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, உயர்தர வகுப்பு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். யாழ்ப்பாணத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை ஆகிய ஊர்களைக் கடந்து காரைநகர் நோக்கிச் செல்லும் வீதி அது. வேலிகள் பெரும்பாலும் மதில்களாக மாறிவிட்ட போதிலும், தோட்டங்களும் பனங்கூடல்களும் முற்றாக மறைந்துவிடவில்லை. தேவாலயம் இப்போது தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துப் பேராலயமாக விளங்குகின்றது. பேராலயம் என்ற சொல்லைக் கேட்டு வானளாவிய கோபுரங்களை எதிர்பார்த்துச் செல்பவர் ஏமாற்றமடைவர். நீண்டு, தாழ்ந்து, தடித்த சுவர்களோடு ஒரு பெரிய களஞ்சியம் போல அது நிற்கின்றது. உள்ளே காலடி வைத்ததும் வெயிலின் கொடுமை சட்டென்று மறைந்து உடல் குளிர்ந்தது. அக் குளிர்ச்சி சுவரின் தடிப்பினால் வருவது என்று விளக்கத் தொடங்கினேன். அப்போது ஒரு மாணவன் சுவரைக் கையால் அளந்து பார்த்துவிட்டு, “இவ்வளவு சுண்ணாம்புக்கு எத்தினை சூளை எரிச்சிருப்பினம், சேர்?” என்று கேட்டான்.

மற்றவர்கள் சிரித்தனர். அவனுடைய தகப்பனார் வழியில் மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு சுடுவோர் என்பதை அவர்கள் அறிவர். நானும் முதலிற் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயின், அவன் கேட்ட கேள்விக்குப் பட்டதாரி ஆசிரியனாகிய என்னிடம் விடை இருக்கவில்லை. இக் கட்டுரை அக் கேள்வியை ஒட்டி எழுந்தது.

1619ஆம் ஆண்டிற் சங்கிலி அரசன் தோற்று, யாழ்ப்பாண அரசு பறங்கியர் கைப்பட்டது. வென்றவர்கள் குடாநாட்டையும் தீவுகளையும் முப்பதுக்கு மேற்பட்ட திருச்சபைப் பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தேவாலயத்தை எழுப்பினர். அப் பிரிவுகளுக்குத் தமிழிலே கோயிற்பற்று என்று பெயர் வழங்கலாயிற்று. இச் சொல்லை நம்மவர் இன்றும் பயன்படுத்துகின்றனர், பொருளைத்தான் மறந்துவிட்டனர். யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை எடுத்துப் பார்த்தால், நிலத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் இடத்தில் இன்ன கோயிற்பற்று என்று எழுதியிருப்பதைக் காணலாம். அக் காணிக்கு உரியவர் சைவ ஆசாரத்தில் இம்மியும் வழுவாதவராக இருக்கலாம். அவருடைய உறுதியிலே குறிப்பிடப்படும் ‘கோயில்’ பறங்கியின் மாதா கோயிலே. மதம் மாறிற்று, அரசு மாறிற்று, மொழிகூட மாறிற்று. நிலத்தை அளந்த கோடு மட்டும் மாறவில்லை. ஆட்சியாளருக்கு ஆன்மாவில் எவ்வளவு அக்கறை இருந்ததோ, அதற்குச் சற்றும் குறையாத அக்கறை காணியிலும் இருந்தது என்பதற்கு இச் சொல் ஒன்றே போதும்.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மூன்று மாதங்களுக்கு மேற்பட்ட முற்றுகையின் பின் ஒல்லாந்தக் கொம்பனியார் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றினர். கத்தோலிக்கக் குருமார் துரத்தப்பட்டனர். கோயில்களிலிருந்த திருவுருவங்கள் அகற்றப்பட்டன. அதே கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் பிரசங்க மண்டபங்களாயின. வட்டுக்கோட்டைக் கோயில் 1678ஆம் ஆண்டிற் புதுக்கப்பட்டது. அப்போது யாழ்ப்பாணத்தில் கொம்பனியின் தளபதியாக இருந்தவர் லௌரன்ஸ் பெய்ல்; பின்னர் இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக உயர்ந்தவர்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்னதாக, 1658 தொடக்கம் 1665 வரையில், யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்த பல்தேயஸ் பாதிரியார் ஒரு பெருநூல் எழுதினார். அது 1672ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாமில் அச்சாகியது. தமிழ் எழுத்துகளும் தமிழிற் கர்த்தருடைய செபமும் அச்சாகிய பழைய ஐரோப்பிய நூல்களுள் அதுவும் ஒன்றாதலின், தமிழ் படித்தவர்கள் அதைப் பற்றிப் பெருமையுடன் பேசுவர். பெருமை இருக்கட்டும். அந் நூலிலே குடாநாட்டுத் தேவாலயங்களின் செதுக்கு ஓவியங்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. வட்டுக்கோட்டை, சங்கானை, தெல்லிப்பழை, மல்லாகம், அச்சுவேலி என்று நம் ஊர்ப்பெயர்கள் ஒல்லாந்த நாவிற் சிதைந்து அங்கே கிடக்கின்றன. கோயிலுக்குப் பக்கத்திலே பாதிரியாரின் இல்லம், முற்றத்தில் வட்டமாக அமர்ந்திருக்கும் பள்ளிப் பிள்ளைகள், பின்னணியிலே பனைகள். ஓவியத்தில் எல்லாம் அமைதியாகவே இருக்கின்றது.

அதே நூலிலே ஒரு கணக்கு உண்டு. 1663ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பட்டினத்து மாகாணத்திலே கிறிஸ்தவர்கள் 62,558 பேர். இத் தொகையிலே அடிமைகள் சேர்க்கப்படவில்லை. அவர்கள் 2,587 பேர் என்று தனியே காட்டப்பட்டுள்ளது. இந்த எண்களை நான் பலமுறை வாசித்திருக்கிறேன். திருச்சபை வரலாறு எழுதுவோரும் எடுத்தாளுவர். முதல் எண்ணைப் பார்த்து வியப்பர், அல்லது ஐயுறுவர். இரண்டாம் எண்ணில் நின்று பார்ப்பவர் குறைவு. ஞானஸ்நானத் தொட்டியின் முன் யாவரும் சமம் என்று பிரசங்கித்த திருச்சபைதான், கணக்கேட்டைத் திறந்ததும் அடிமைக்கு வேறு நிரை வகுத்தது.

இத்தனை ஆயிரம் பேர் எவ்வாறு கிறிஸ்தவராயினர் என்பது மறைபொருளன்று. திருமுழுக்குப் பெறாதவனுக்கு உத்தியோகம் இல்லை, முதலிப்பட்டம் இல்லை. திருமணம் கோயிலிற் பதியப்படாவிடின் பிள்ளைகளின் முதுசொம் உரிமைக்கு இடையூறு. கோயிலோடு சேர்ந்த பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரே திருமுழுக்கையும் திருமணத்தையும் தோம்பிற் பதிந்தார். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்குக் குற்றப்பணம் விதிக்கப்பட்டது. பாடம், பூசை, பதிவு, தண்டம் ஆகிய நான்கும் ஒரே கூரையின் கீழ் நடைபெற்றன. மக்கள் இதற்கு எவ்வாறு ஈடுகொடுத்தனர் என்பதை நம் வீட்டு முதியவர்களின் கதைகள் கூறும். விரத நாளிலே வாழையிலையிற் சோறுண்டு, உண்ட இலையை வெளியில் எறிந்தால் அகப்பட்டுவிடுவோம் என்று கூரை இறப்பிற் செருகி மறைத்தார்களாம். பறங்கியர் காலக் கதையாகவே இது வழங்குகின்றது. பகலிலே கோயிலிற் பெயர், இரவிலே வீட்டில் திருநீறு என்பதே பலருடைய வாழ்வாயிற்று.

இதிலே நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தியுண்டு. உத்தியோகத்துக்கும் முதுசொத்துக்கும் ஆசைப்பட்டுத் திருமுழுக்குப் பெறுவதற்கு, உத்தியோகம் பெறத்தக்க சாதியும் விட்டுச்செல்ல நிலமும் இருத்தல் வேண்டும். இரண்டும் இல்லாதவனுக்கு இவ்வேற்பாட்டால் விளைந்தது என்ன? அவன் பெயர் இடம்பெற்ற ஏடு வேறு. ஊழியம் என்ற பெயரிலே குறித்த சாதியினர் ஆண்டொன்றுக்குப் பன்னிரண்டு நாட்கள் கொம்பனிக்குக் கூலியின்றி வேலை செய்யவேண்டும். வராதவன் தண்டம் இறுக்கவேண்டும். கல்லகழ்தல், முருகைக்கல் சுமத்தல், விறகு தறித்தல், சூளை வைத்தல், பனஞ்சிலாகை அறுத்தல் ஆகியவை அன்றி இவ்வளவு பெரிய சுவர்கள் எழா. வட்டுக்கோட்டைச் சுவரிலே எத்தனை ஊழிய நாட்கள் புதைந்துள்ளன என்பதற்குக் கல்வெட்டு இல்லை. ஆயினும், அக்கால ஆட்சி முறையை அறிந்த எவரும் இச் சுவர் யாருடைய தோளில் ஏறி வந்தது என்பதை ஊகிக்கலாம். இன்று தேவசேவையைக் குறிப்பதற்கு ஊழியம் என்ற சொல்லையே நம் கிறிஸ்தவ நண்பர்கள் வழங்குகின்றனர் என்பதும் நினைவுக்கு வருகின்றது. சொற்களுக்கு நம்மைவிட நீண்ட நினைவு உண்டு.

1707ஆம் ஆண்டிற் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமையை எழுத்தில் வடித்தார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டுப் பன்னிரண்டு முதலிமாரின் பார்வைக்கு விடப்பட்டது. அவர்கள் சரியென்று ஒப்பமிட்டனர். அவர்களுட் பலர் ‘தொன்’ என்று தொடங்கும் பெயர்களைத் தாங்கிய, தோம்பிற் பதிந்த கிறிஸ்தவர்கள். அவர்கள் ஒப்பிய அச் சட்டத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றித் தனிப் பிரிவு ஒன்று உண்டு. யாரை விற்கலாம், யாருடைய பிள்ளை யாருக்கு உடைமை என்பன அங்கே வரையறுக்கப்படுகின்றன. இதனை அந்நியன் நம்மீது திணித்தான் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்நியன் எழுதினான், நம்மவன் வாசித்துப் பார்த்துக் கையெழுத்திட்டான்.

1796இல் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. மதம் பற்றிய கட்டாயம் நீங்கியதும் தோம்பிலிருந்த கிறிஸ்தவம் காற்றிற் கரைந்தது. 1806ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த கிளோடியஸ் புக்கானன் பாதிரியார், பல்தேயஸ் படம் பிடித்துக் காட்டிய கோயில்கள் பாழடைந்து கிடப்பதையும், சீர்திருத்தத் திருச்சபைக்குச் சுதேசப் போதகராகத் தரங்கம்பாடியிலிருந்து வந்த கிறிஸ்தியான் தாவீது ஒருவரே எஞ்சியிருப்பதையும் கண்டு வருந்தி எழுதினார். அவர் வந்த அதே ஆண்டிலேதான் ஆங்கில அரசு தேசவழமையைச் சட்டமாக ஏற்றுக்கொண்டது. கோயில் கூரையிழந்தது, அடிமைமுறைக்குப் புதிய கூரை கிடைத்தது.

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணம் வந்தனர். பூரும் வாறனும் தெல்லிப்பழைக்கும், றிச்சாட்ஸும் மெயிக்ஸும் வட்டுக்கோட்டைக்குமாகப் பிரிந்து சென்றனர். கூரையற்று நின்ற பழைய கோயில்களும் அவற்றைச் சார்ந்த இல்லங்களும் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. 1823இல் டானியல் பூர் ஐயர் தலைமையில் வட்டுக்கோட்டைச் செமினறி தொடங்கிற்று. 1855இல் அது மூடப்படும் வரையுள்ள முப்பத்திரண்டு ஆண்டுகள் தமிழ்க் கல்வி வரலாற்றிலே தனியாக எழுதப்பட வேண்டியவை. அங்கே கணிதமும் வானசாத்திரமும் தமிழ் இலக்கணமும் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. கறல் விசுவநாதபிள்ளை வீசகணிதம் என்ற நூலைத் தமிழில் எழுதி 1855இல் வெளியிட்டார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை பாவலர் சரித்திர தீபகத்தை 1886இல் தந்தார். கலித்தொகையை 1887இல் முதன்முதல் அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை இம் முற்றத்தில் உலாவிய மாணவரே. பல்கலைக்கழகத்திற் சங்க இலக்கியம் படித்துப் பட்டம் பெற்ற என் போன்றவர்களுக்கு இவ்விடம் ஒருவகையில் தாய்வீடு. இவ்வுண்மையை மறைத்து மிஷனரிமாரை வெறும் ஏகாதிபத்தியக் கையாட்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது; ஆயின் அது நேர்மையன்று.

கறல், ஆர்னல்ட், நெவின்ஸ் என்ற பெயர்கள் நம்மவருக்கு எங்கிருந்து வந்தன? ஒரு பிள்ளையின் படிப்புச் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர் அப் பிள்ளைக்குத் தாம் விரும்பும் பெயரைச் சூட்டலாம் என்பது அன்றைய ஏற்பாடு. கடலுக்கு அப்பால் முகமறியாத ஒருவர் அனுப்பிய பெயரைச் சுமந்துகொண்டு இப் பிள்ளைகள் தமிழ் நூல்களைப் பதிப்பித்தனர். இதில் இழிவும் உண்டு, வெற்றியும் உண்டு.

ஆனால் அப் பிள்ளைகள் யார்? மிஷன் விடுதிப் பள்ளிகள் தொடங்கிய காலத்திலே, மாணவர்கள் மிஷன் வளவுக்குள் உணவருந்த மறுத்தனர். அயலிலுள்ள சைவர் ஒருவரின் காணியிலே சமையற் கொட்டில் அமைத்து, அங்கே சென்று உண்டு வந்தனர். வளவுக் கிணற்று நீரும் ஆகாதாயிற்று. மிஷனரிமார் இதற்கு இணங்கியே பள்ளியை நடத்த நேர்ந்தது. பின்னாளில் மெல்ல மெல்லச் சமையல் வளவுக்குள் வந்தது என்பது உண்மைதான். எனினும், அமெரிக்காவிலிருந்து பைபிளையும் தொலைநோக்கியையும் கொண்டுவந்தவர்கள், அயற்காணிச் சமையற் கொட்டிலுக்கு முன்னால் நின்று தயங்கினர். செமினறியின் பயன் பெரும்பாலும் நிலமும் சாதியும் உள்ள குடும்பங்களுக்கே சென்றது. அங்கும் அதையொத்த பள்ளிகளிலும் ஆங்கிலம் கற்றோர் கச்சேரிகளிலும், பின்னர் மலாய் நாட்டிலும் எழுதுவினைஞராயினர். அவர்கள் அனுப்பிய பணத்தில் ஊரிலே கல்வீடுகள் எழுந்தன. தாமோதரம்பிள்ளை வட்டுக்கோட்டையிற் சேர்ந்த 1844ஆம் ஆண்டிலேயே இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. அன்று விடுதலை பெற்றோரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் அவருடன் ஒரே வாங்கில் அமர்ந்தனர் என்று கேட்டால், மிஷன் வரலாறுகள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுகின்றன.

வாங்கு பற்றி எழுதும்போது என் பாட்டனாரை நினையாமல் இருக்க முடியவில்லை. அவர் படித்தது ஒரு கிராமப் பள்ளியில். அதன் பெயர் இங்கு வேண்டாம். மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, அவரும் அவரையொத்த பிள்ளைகளும் நிலத்தில் இருந்தனர். 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், அரசின் உதவிப்பணம் பெறும் பள்ளிகளிற் சம ஆசனம் கொடுக்கப்பட வேண்டும் என்று கல்விப் பகுதி வற்புறுத்திற்று. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியின் ஆசிரியரான ஹன்டி பேரின்பநாயகமும் அவர் முன்னின்று வளர்த்த வாலிப காங்கிரசும் அக்காலத்திற் சாதிக்கு எதிராகக் குரலெழுப்பினர் என்பதை நன்றியுடன் குறிப்பிட வேண்டும். அதற்குச் சாதிமான்கள் அளித்த மறுமொழி, பள்ளிகளைக் கொளுத்துவதாக இருந்தது. பாட்டனாருக்கு வாங்கு கிடைத்து ஒரு தவணை முடியவில்லை. ஓலைக் கொட்டில் ஓரிரவிற் சாம்பலாயிற்று. அவர் அதன் பின் படிக்கவில்லை. தன் வாழ்நாள் முழுவதும் கதிரையில் இருக்கும்போது அதன் விளிம்பிலேயே இருப்பார். சிறுவனாயிருந்த நான் அதை முதுமையின் வழக்கம் என்று எண்ணியிருந்தேன்.

அன்று பிற்பகல் திரும்பும் வழியிற் சங்கானையில் இறங்கினோம். பறங்கியர் காலத்துத் தேவாலயம் ஒன்று அங்கே கூரையின்றி நிற்கின்றது. அதற்கு எந்த அமெரிக்கரும் கூரையிடவில்லை. ஆகவே 1816இல் வட்டுக்கோட்டைக் கோயில் எந்நிலையிற் கிடந்திருக்கும் என்பதை இதைக் கொண்டு அறியலாம். சங்கானை நம் வாசகருக்குப் புதிய பெயரன்று. 1966 ஒக்ரோபர் 21 எழுச்சியைத் தொடர்ந்து, தேநீர்க்கடையிலும் கோயில் வாசலிலும் சம உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் எழுந்துநின்ற ஊர்களுள் அது முதன்மையானது. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏட்டிலே இருந்தும், ஒரு குவளைத் தேநீருக்கு உயிர் கொடுக்க வேண்டியிருந்தது. மாணவர்களிற் பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை. பாழடைந்த சுவரின் நிழலில் இருந்து அதைச் சொன்னேன். ஒருத்தி மட்டும், தன் அம்மம்மா அக்காலத்துக் கதைகள் சொல்வார் என்றாள். எந்தப் பக்கத்துக் கதைகள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வட்டுக்கோட்டையில் வெள்ளையடித்து மூடியிருப்பது சங்கானையில் வெளியே தெரிகின்றது. சாந்து உதிர்ந்த இடமெல்லாம் முருகைக்கற்கள் பல்லிளிக்கின்றன. சூளைக்காரரின் மகன் சுவரோரம் குந்தியிருந்து, ஒரு கல்லிலுள்ள துவாரங்களை விரலால் தடவிப் பார்த்தான். கடலிலிருந்து எடுத்த ஈரத்தோடு முருகைக்கல்லைக் கத்தியால் வெட்டலாம், காய்ந்தபின் இறுகிவிடும் என்றான். நல்ல கல்லைச் சுவருக்கு வைத்துக்கொண்டு உடைசலைத்தான் சூளைக்குப் போடுவார்கள் என்றான். சூளைக்குக் கல்லும் விறகும் அடுக்கு அடுக்காக மாறி மாறி வைக்க வேண்டும், காற்றுப் போக வழி விடாவிட்டால் நடுக்கல் வேகாது, வேகாத கல்லை நீற்றினால் சாந்து பிடிக்காது என்று தன் அப்பு சொல்வாராம். மற்றவர்கள் இப்போது சிரிக்கவில்லை. ஒருவன் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினான்.

“வேகாத கல்லு இதிலை இருக்கோ?” என்று நான் கேட்டேன்.

அவன் சாந்தில் ஒரு துண்டைக் கிள்ளி, விரல்களுக்கிடையே நசித்துப் பார்த்தான். “இல்லை சேர், நல்லாச் சுட்டிருக்கினம்” என்றான்.